ஃப்ளோரன்ஸா, டுரினா, வெரோனாவா: ஊரும் ஒயினும் ஒன்றாகக் கிடைப்பது எங்கே?

இத்தாலியில் ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்க வேண்டும். பகலில் தேவாலயம், கோட்டை, ஓவியம் என்று சுற்றிவிட்டு, மாலையில் அந்த மண்ணிலேயே விளைந்த ஒயினை நிதானமாகக் குடிக்க வேண்டும். இந்த ஆசைக்கு மூன்று நகரங்கள் போட்டி போடுகின்றன: ஃப்ளோரன்ஸ், டுரின், வெரோனா. ரோமையும் வெனிஸையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அங்கே பார்க்க இருப்பவையே முழு நாளையும் எடுத்துக்கொள்ளும், ஒயினுக்கு என்று மனம் ஒதுங்காது.

மூன்றையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். முதலாவது, கார் இல்லாமல் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வர முடியுமா? இத்தாலியில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதி ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் வரைதான். மலைச்சாலைகளோ வளைந்து வளைந்து போகும். கார் எடுத்தால் கூட வந்தவர்களில் ஒருவர் நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்க வேண்டும், அது நியாயமில்லை. இரண்டாவது, ஊரில் பார்க்கும் கட்டடங்களுக்கும் கோப்பையில் இருக்கும் ஒயினுக்கும் ஏதாவது உறவு இருக்கிறதா? எந்த நகரத்திலும் நல்ல ஒயின் கடை இருக்கும். ஊரின் கதையிலேயே ஒயின் கலந்திருக்கும் இடங்கள் சிலதான்.

ஃப்ளோரன்ஸ்: கலைக்கு முதலிடம், ஒயினுக்கு மிச்ச நேரம்

ஓவியமும் சிற்பமும் மட்டும்தான் கணக்கு என்றால் மற்ற இரண்டு ஊர்களும் ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. 1420-இல் தொடங்கி 1436-இல் முடிந்த, பெரிய தேவாலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம், உஃபீட்சி ஓவியக்கூடம், அக்கடேமியா காட்சிக்கூடத்தில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை எல்லாம் ஒரே நகரத்தில், நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. குவிமாடத்தின் உச்சிக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. முதல்முறை இத்தாலி போகிறவர்களை ஃப்ளோரன்ஸைத் தவிர்க்கச் சொல்லவே மாட்டேன்.

ஒயினுக்கும் அங்கே நல்ல கதை உண்டு. பழைய மாளிகைகளின் சுவரில், இடுப்பு உயரத்தில், சின்னஞ்சிறு வளைவு ஜன்னல்களைப் பார்க்கலாம். ஒரு குடுவை நுழையும் அளவுதான். பிரபுக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து ஒயினை இடைத்தரகர் இல்லாமல் தெருவில் போகிறவர்களுக்கு நேரடியாக விற்க வைத்தவை. 17ஆம் நூற்றாண்டில் பிளேக் வந்தபோது, தொடாமல் விற்பதற்கு இவை வசதியாக இருந்தன. 2020-இல் கொரோனா வந்ததும் சில கடைகள் அந்த ஜன்னல்களை மறுபடி திறந்து ஒயினும் காபியும் கொடுத்தன. இப்படி 150-க்கு மேற்பட்ட ஜன்னல்கள் நகரத்தில் இன்னும் இருக்கின்றன. ஆர்னோ ஆற்றின் தென்கரையில் சாந்தோ ஸ்பிரித்தோ பகுதியில் தேடிப் பாருங்கள்.

தோட்டத்துக்குப் போவதுதான் சிரமம். கியான்டி ஒயின் விளையும் கியான்டி கிளாசிகோ பகுதியின் வாசல் என்று சொல்லத்தக்க கிரேவே ஊருக்கு ஃப்ளோரன்ஸிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழி அழகு, முக்கோணச் சதுக்கமும் அழகு. ஆனால் தோட்டங்கள் ஊருக்கு வெளியே மலைமேல் சிதறிக் கிடக்கின்றன. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து வெயிலில் நடக்க வேண்டும், அல்லது டாக்ஸிக்கு நல்ல தொகை தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்களும் குறைவு. வேனில் கூட்டிப்போய் இரண்டு மூன்று தோட்டங்களைக் காட்டும் அரைநாள் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. அவை வசதிதான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரன்ஸில் மாலை ஆனால் கால் ஓய்ந்துவிடும், கண்ணும் ஓய்ந்துவிடும். உஃபீட்சியில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு எந்த ஒயினும் தாகத்துக்குத்தான். கியான்டிக்கு முக்கியமான சாஞ்ஜோவேசே திராட்சையின் புளிப்பும் துவர்ப்பும் கவனித்துக் குடிக்க வேண்டியவை. அந்தக் கவனத்தை இந்த ஊர் பகலிலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது.

டுரின்: அமைதியான ஊர், ஆழமான கோப்பை

1861-இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் தலைநகரம் டுரின். 1865-இல் தலைநகரம் ஃப்ளோரன்ஸுக்கு மாறியது, பிறகு ரோமுக்குப் போனது. இதில் ஒயின் பிரியர்களுக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. புது நாட்டின் முதல் பிரதமர் கவூர், அல்பா என்ற ஊருக்குப் பக்கத்தில் கிரின்சானே என்ற கிராமத்தில் திராட்சை வளர்த்தவர். அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். பரோலோ ஒயினின் முன்னேற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவருக்குப் பின் பிரதமரான ரிக்காசோலி, 1872-இல் கியான்டிக்கு எந்தெந்தத் திராட்சையைக் கலக்க வேண்டும் என்று எழுதிவைத்தவர். அதாவது இத்தாலியின் முதல் இரண்டு பிரதமர்களும் ஒயின்காரர்கள். டுரினில் கரிஞானோ மாளிகைக்குப் போய் அன்றைய நாடாளுமன்ற அறையைப் பார்த்துவிட்டு, மாலையில் பரோலோவுக்கான திராட்சையான நெபியோலோவின் ஒயின் ஒரு கோப்பை குடித்தால் இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்று புரியும்.

பார்க்க வேண்டியவையும் குறைவில்லை. 1824-இல் தொடங்கிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கே அரைநாள் போதாது. மோலே அந்தோனெல்லியானா என்ற கோபுரக் கட்டடத்தின் உள்ளே சினிமா அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் நடுவே கண்ணாடி லிஃப்டில் மேலே போனால் ஆல்ப்ஸ் மலைகள் தெரியும். தெருவோரத் தூண் மண்டபங்கள் கிலோமீட்டர் கணக்கில் நீள்வதால் மழையிலும் குடை இல்லாமல் நடக்கலாம். ஃப்ளோரன்ஸில் இருக்கும் நெரிசல் இங்கே இல்லை. அதுவே எனக்குப் பெரிய காரணம்.

மாலை நேரம்தான் டுரினின் பலம். 1786-இல் கார்பானோ என்பவர் இங்கேதான் வெர்மூத்தை விற்கத் தொடங்கினார். ஒயினில் மாசிபத்திரி வகைக் கசப்பு மூலிகை, மசாலா, சர்க்கரை, கொஞ்சம் வடிசாராயம் சேர்த்துச் செய்வது. சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை வெர்மூத்தும் கூடவே தின்பண்டங்களும் எடுத்துக்கொள்வது இந்த ஊரின் பழக்கம். பெஸியோனே என்ற சின்ன ஊரில் மார்ட்டினி நிறுவனத்தின் பழைய ஆலையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. டுரினிலிருந்து உள்ளூர் ரயிலில் சீக்கிரம் போய்விடலாம், கார் தேவையே இல்லை. கூட வருகிறவர் குடிக்காதவர் என்றால் 1763-இலிருந்து இருக்கும் அல் பிச்செரின் காபிக்கடையில் காபி, சாக்லேட், க்ரீம் மூன்றையும் அடுக்கி ஊற்றும் பிச்செரினை வாங்கிக் கொடுங்கள், கோபம் வராது.

போ என்ற ஆற்றுக்கு அந்தப் பக்கம், குன்றின்மேல் இருக்கும் வில்லா டெல்லா ரெஜினா அரண்மனையின் சரிவில் ஒரு திராட்சைத் தோட்டமே இருக்கிறது. ஃப்ரேய்சா என்ற கருந்திராட்சை, நெபியோலோவுக்கு நெருங்கிய சொந்தம். நகரத்துக்குள்ளேயே தோட்டத்தையும் அரண்மனையையும் கீழே விரியும் ஊரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

குறை எங்கே என்றால், பரோலோவில்தான். அல்பாவுக்கு ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் பரோலோ, லா மோர்ரா, செர்ரலுங்கா எல்லாம் அல்பாவைத் தாண்டிய குன்றுகளில் இருக்கின்றன. பஸ் மிகக் குறைவு, டாக்ஸியை முன்னமே பேசி வைக்க வேண்டும். பரோலோவைத் தோட்டத்திலேயே போய்க் குடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் அல்பாவில் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது. 2014-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தக் குன்றுகளை அவசரமாகப் பார்த்துத் திரும்புவது வீண்.

அப்புறம் நெபியோலோ எளிய திராட்சை இல்லை. நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ நாக்கைப் பிடித்து இழுக்கும். பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர்ந்துதான் கடைக்கு வரும், அதிலும் 18 மாதம் மரப்பீப்பாயில். ஒயினுக்குப் புதியவர்கள் முதலில் பார்பேரா, தோல்செட்டோ என்று ஆரம்பிப்பது நல்லது, விலையும் குறைவு.

வெரோனா: என் ஓட்டு இந்த ஊருக்கு

ஊருக்கு நடுவே நிற்கும் அரேனா, கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய திறந்த அரங்கம். வெளிர் சிவப்பும் வெள்ளையும் கலந்த அதன் கல் வால்போலிசெல்லா குன்றுகளில் வெட்டியது. அமரோனே ஒயினுக்கான திராட்சையும் அதே குன்றுகளில்தான் விளைகிறது. மாலையில் சதுக்கத்தில் உட்கார்ந்து, அரங்கத்தைப் பார்த்தபடி ஒரு கோப்பை வால்போலிசெல்லா குடிக்கும்போது கண்ணெதிரே இருக்கும் கல்லும் கையில் இருக்கும் ஒயினும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

1117-இல் வந்த நிலநடுக்கத்தில் அரேனாவின் வெளிச்சுற்றுச் சுவர் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. நான்கு வளைவுகள் மட்டும் இன்னும் தனியாக நிற்கின்றன. 1913-இல் வெர்டியின் ‘ஐடா’வோடு இங்கே ஓபரா விழா தொடங்கியது. கோடையில் இன்றும் நடக்கிறது. மேலே கற்படிகளில் உட்காரும் டிக்கெட்டுதான் மலிவு. ஒரு மெத்தைத் துண்டு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கல் பகல் முழுக்க வெயில் காய்ந்திருக்கும்.

ஜூலியட்டின் மாடம் என்று காட்டுவது 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. அங்கே வரிசையில் நிற்பதற்குப் பதிலாக காஸ்தெல்வெக்கியோ கோட்டைக்குப் போங்கள். 14ஆம் நூற்றாண்டில் வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜெர் வம்சம் கட்டியது. அதன் பாலத்தை 1945-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. ஊர் அதைத் திரும்பக் கட்டியது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தை கார்லோ ஸ்கார்பா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். பழைய சுவர் எது, தான் சேர்த்தது எது என்று தெளிவாகத் தெரியும்படி விட்டிருக்கிறார். அந்த வம்சத்து ஆட்சியாளர் கான்கிராந்தே குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையை வெட்டவெளியில் உயரமான ஒரு மேடையில் அவர் நிறுத்தியிருக்கும் விதத்துக்காகவே இந்த ஊருக்கு வரலாம். பிறகு சான் செனோ தேவாலயம். அங்கே மாந்தேன்யாவின் பலிபீட ஓவியம் இருக்கிறது. நெப்போலியன் காலத்தில் பிரான்ஸுக்குப் போய்த் திரும்பியது, அதன் அடிப்பலகை ஓவியங்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

இனி தோட்டம். நேக்ரார், ஃபுமானே, சான் பியெத்ரோ இன் கரியானோ முதலிய வால்போலிசெல்லா ஊர்களுக்கு வெரோனாவிலிருந்தே பஸ் போகிறது. நேக்ரார் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான், டாக்ஸி எடுத்தாலும் கையைக் கடிக்காது. காலையில் போய், மதியம் ஒரு தோட்டத்தில் சாப்பிட்டு, மாலைக் காட்சிக்கு ஊர் திரும்பிவிடலாம். முன்பதிவு மட்டும் அவசியம். நிலவறைகளுக்குத் திடீரென்று போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலும் திறக்க ஆள் இருக்காது.

அமரோனே செய்யும் முறையை நேரில் பார்ப்பது தனி அனுபவம். அறுவடையான கொர்வினா, ரொந்தினெல்லா குலைகளைக் காற்றோட்டமான மாடியில் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சர்க்கரையும் மணமும் செறிந்துவிடும். குளிர்காலத்தில் அதைப் பிழிந்து நொதிக்கவிடுவார்கள். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறினால் அமரோனே, பாதியில் நின்று இனிப்பு தங்கினால் ரெச்சோத்தோ. அமரோனேயில் ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 15, 16 என்பது சாதாரணம். பிழிந்த சக்கையையும் வீணாக்குவதில்லை. சாதாரண வால்போலிசெல்லாவை அதன்மேல் ஊற்றி மறுபடி நொதிக்க வைத்தால் ரிப்பாஸ்ஸோ.

ஆக ஒரே குன்றிலிருந்து நான்கு படிகள் கிடைக்கின்றன: மதியத்துக்கு லேசான வால்போலிசெல்லா, இரவுச் சாப்பாட்டுக்கு ரிப்பாஸ்ஸோ, ஒரே ஒரு இரவுக்கு அமரோனே, கடைசியில் இனிப்போடு ரெச்சோத்தோ. புதியவருக்கும் பழகியவருக்கும் இதில் இடம் உண்டு. வெள்ளை ஒயின் வேண்டுமா, கிழக்கே சொவாவே இருக்கிறது. அந்த ஊரின் மதிலை எழுப்பி, பழைய கோட்டையை விரிவாக்கியது காஸ்தெல்வெக்கியோவைக் கட்டிய அதே ஸ்காலிஜெர் வம்சம். கார்கனேகா திராட்சையில் செய்யும் அந்த ஒயினை மீனோடு குடிக்கலாம், வெறும் சீஸோடும் குடிக்கலாம்.

சாப்பாடு, செலவு, பருவம்

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஃப்ளோரன்ஸ்தான் எளிது: ரொட்டியும் கீரையும் பீன்ஸும் போட்ட ரிபொல்லீத்தா, தக்காளி ரொட்டிக் கஞ்சி எல்லாம் அந்த ஊர் வீட்டுச் சாப்பாடு. அமரோனே ஊற்றிச் செய்யும் வெரோனாவின் ரிசோத்தோவில் இறைச்சிச் சாறு சேர்ப்பது உண்டு, கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். குதிரை இறைச்சியும் அங்கே பழைய வழக்கம், மெனுவைக் கவனித்துப் படியுங்கள். காய்கறியைத் தொட்டுச் சாப்பிடும் டுரினின் சூடான குழம்பு பாஞ்ஞா கௌதாவில் நெத்திலி வகை மீன் கலந்திருக்கும்.

ஒயினை எந்த ஊரிலும் கோப்பைக் கணக்கில் வாங்கலாம். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள், அது டிப்ஸ் அல்ல. தங்கும் செலவில் டுரின்தான் பெரும்பாலும் கைக்கு அடக்கம். வெரோனாவில் ஆற்றைத் தாண்டி, பல்கலைக்கழக மாணவர்கள் புழங்கும் வெரொனெத்தா பகுதியில் விலை இறங்கும்.

பருவம் மாறினால் என் பதிலும் கொஞ்சம் மாறும். அக்டோபர், நவம்பரில் அல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற காளான் வகைக்கான சந்தை நடக்கிறது. அந்த மாதங்களில் விடுமுறை கிடைத்தால் டுரினுக்கே போங்கள், வெரோனா காத்திருக்கும். ஃப்ளோரன்ஸை ஜனவரி, பிப்ரவரியில் பார்த்தால் மேலே சொன்ன களைப்புப் புகார் பாதி குறைந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை என்றால் யோசிக்காமல் வெரோனா.

மிலானில் இறங்குகிறவர்களுக்கு வேக ரயிலில் டுரின் ஏறக்குறைய ஒரு மணி நேரம், வெரோனா ஒன்றேகால் மணி நேரம், ஃப்ளோரன்ஸ் இரண்டு மணி நேரம். ஏப்ரலில் வெரோனா போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் வினிதாலி ஒயின் கண்காட்சியின் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். தோட்டக்காரர்களும் கண்காட்சி அரங்கில்தான் இருப்பார்கள்.