கறிவேப்பிலைப் புழு: பாட்டிலிலா, செடியிலா?

கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றால், சிறு பிள்ளைக்கு இயற்கையைக் காட்ட வேறெங்கும் போக வேண்டியதில்லை. கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி அதன் கொழுந்தில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். எலுமிச்சை, நாரத்தைச் செடிகளுக்கும் வரும். அந்தப் புழுவை எடுத்துவந்து பாட்டிலில் வளர்த்துக் காட்டுவது ஒரு வழி. செடியிலேயே விட்டுவிட்டு நாள்தோறும் போய்ப் பார்ப்பது மற்றொரு வழி. இரண்டையும் என் மகளோடு செய்து பார்த்ததில், பெரும்பாலான வீடுகளுக்குச் செடியே ஏற்றது என்னும் முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் பாட்டிலுக்கு உள்ள ஒரு பெருமையை மறுக்க முடியாது.

அது மாற்றத்தைக் கண்முன் நிறுத்துகிறது. முட்டையிலிருந்து வந்த புழு முதலில் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சத்தைப் போலவே தோன்றும். பறவையும் அப்படியே எண்ணி விட்டுவிடும் என்பதை அப்போதே பிள்ளைக்குச் சொல்லலாம். நான்கு முறை தோலுரித்தபின் அது பச்சையாகி, முன்னுடலில் கண்களைப் போன்ற புள்ளிகளோடு தடித்து நிற்கும். மெல்லிய குச்சியால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்றை வெளியே நீட்டிக் காரமான வாடையைப் பரப்பும். கூட்டுப்புழுவாக ஒன்றரை வாரம் போல இருந்து, பெரும்பாலும் காலை வேளையில் வண்ணத்துப்பூச்சி வெளிவருவதை அருகிலிருந்து பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

ஆயினும் பாட்டில் வளர்ப்பில் தவறுகள் எளிதில் நேர்கின்றன. எங்கள் முதல் புழு நான் செய்த தவற்றால் இறந்தது. செடியில் இலை குறைந்திருந்ததால் கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டேன். மறுநாள் காலை அது துவண்டு கிடந்தது. பூச்சிமருந்து தெளித்த இலையாக இருந்திருக்க வேண்டும். மூடியை இறுக்கி அடைத்தால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். புழுக்கையை நாள்தோறும் அகற்றாவிட்டாலும் அதே கதிதான். உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வைக்காவிட்டால், வெளிவந்த பூச்சி வழுவழுப்பான சுவரில் பற்ற முடியாமல் விழுந்து, விரிய வேண்டிய சிறகு மடங்கியபடியே காய்ந்துவிடும். இத்தனையும் பெரியவர் செய்ய வேண்டிய வேலைகள். பிள்ளைக்கு எஞ்சுவது வேடிக்கை பார்ப்பது மட்டும்.

செடியில் விட்டால் வேலை பிள்ளையின் கைக்கு வருகிறது. கீழிலையில் கரும்புழுக்கை சிதறிக் கிடந்தால் அதற்கு நேர்மேலே பார்க்க வேண்டும், விளிம்பு அரிக்கப்பட்ட இலைக்கு அடுத்த இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதை என் மகள் நான்காம் நாளில் தானாகவே கண்டுகொண்டாள். தடயத்தைப் படிக்கும் இந்தப் பழக்கம், எல்லாம் கண்முன்னே அடைபட்டிருக்கும் பாட்டிலில் வருவதில்லை. இழப்பும் நேரும். ஐந்து புழுக்கள் இருந்த கிளையில் ஒரு காலை இரண்டுதான் இருந்தன. "மத்ததெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாள். வேலியில் கத்திக்கொண்டிருந்த தையல்சிட்டைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அதுக்குக் குஞ்சு இருக்கா?" என்றாள். பாட்டிலை வைத்து அந்தக் கேள்வியை வரவழைக்க எனக்குத் தெரியவில்லை.

செடியின் பெருங்குறை, கடைசிக் கட்டத்தில் புழு நகர்ந்துபோய் எங்கோ மறைவில் கூட்டுப்புழுவாகிவிடுவது. அந்த வேளையில் பிள்ளை ஏமாந்துபோகிறது. ஆகவே, நன்கு தடித்த புழு ஒன்று இருக்கும் கிளையின் மேல் பழைய கொசுவலைத் துண்டைத் தளர்வாகப் போர்த்தி நூலால் கட்டிவிடுகிறேன். இலை வாடுவதில்லை, காற்றும் வெயிலும் குறைவதில்லை, பறவையும் எட்டாது. சிறு குளவிகளை அது தடுக்காது. ஒருமுறை கூட்டுப்புழுவில் ஊசித்துளை ஒன்று தெரிந்தது. பூச்சிக்குப் பதிலாகக் குளவிகள்தான் அதிலிருந்து வெளிவந்திருந்தன. அதையும் மறைக்காமல் காட்டினேன்.

மாடிக் குடியிருப்பில் ஒரே தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கும், ஆறேழு வயதில் நாள்தோறும் இலை மாற்றப் பொறுமையுள்ள பிள்ளைக்கும் பாட்டிலைப் பரிந்துரைப்பேன். ஒரு நேரத்தில் ஒரே புழு, வாய்க்குத் துணி, வெளிவந்த அன்றே விடுதலை. அதற்குக் கீழுள்ள வயதுக்குச் செடியே போதும். எதுவானாலும், முருங்கையில் மொய்க்கும் மயிரடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பட்டால் அரித்துத் தடிக்கும். கறிவேப்பிலைப் புழுவுக்கு அந்த மயிர் கிடையாது.

எங்கள் வீட்டில் இப்போது வடக்குப் பக்கக் கிளை ஒன்றில் யாரும் இலை பறிப்பதில்லை. ரசத்துக்குக் கொத்து ஒடிக்கப் போகும் மாமியாரிடம், "அப்பத்தா, அந்தப் பக்கம் வேணாம், முட்டை இருக்கு" என்று என் மகள் அடுப்படி வாசலிலேயே சொல்லிவிடுகிறாள்.