காபிப் பணத்தில் குழுக் கடனை மொத்தமாக அடைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கீழ்ப்பழனி மலையில் பழம் எடுப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசு நிற்கிற நேரம் இது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் குழுக் கடன் வாங்கியிருக்கிற பெண்கள் நிறையப் பேர், வாரா வாரம் இழுத்துக்கொண்டிருப்பதற்கு ஒரேயடியாகக் கட்டி முடித்துவிடலாம் என்று யோசிப்பீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் வசூலுக்கு வருகிற ஆள் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். எங்கள் குழுவில் நாங்கள் அப்படிக் கொடுத்த பணம் கம்பெனிக்குப் போய்ச் சேரவே இல்லை, கடன் இன்னும் எங்கள் பெயரில் நிற்கிறது.

எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் அராபிகா காபி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு, கொஞ்சம் மலை வாழை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இதே அளவுதான். ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து ஃபீல்டு ஆபீசர் வந்து ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்த்தார், பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், ஒரு ரூபாய் வட்டிதான் என்றார். ஆளுக்கு 40,000 என்று எழுதினார்கள், கைக்கு வந்தது 38,000. மீதி 2,000 எங்கே என்றால் செயல்பாட்டுக் கட்டணம், எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்சூரன்ஸ் என்றார்கள். இன்சூரன்ஸ் வேண்டுமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. வாரம் 480 ரூபாய், 104 வாரம்.

இந்த ஒரு ரூபாய் வட்டிக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கட்டக் கட்ட அசல் குறைகிறது, ஆனால் வட்டி மட்டும் கடைசி வாரம் வரைக்கும் முழு 40,000-க்கும் ஓடுகிறது. பிடித்துக்கொண்ட 2,000-ஐயும் சேர்த்து என் மகன் கணக்குப் போட்டான், வருடத்துக்கு 27 சதவீதம் தாண்டுகிறது. அதாவது இரண்டேகால் ரூபாய் வட்டிக்கும் மேலே.

வட்டியை விட எங்களை அடித்தது வாரத் தவணை. காபியில் வருமானம் வருடத்துக்கு ஒரு தடவை. நவம்பரில் பழம் எடுக்கத் தொடங்கினால் பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் மெஷினில் போட்டு, கழுவி, களத்தில் காயவைத்து, உள்தோலோடு இருக்கிற பார்ச்மெண்ட் கொட்டையாக மூட்டை பிடித்து விற்க ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும், பின்னாலேயே மிளகு வரும், அவ்வளவுதான். மார்ச், ஏப்ரலில் காபி பூக்கத் தேவையான பூ மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 480 ரூபாய்க்கு எங்கே போவது? கூலிக்குப் போனோம், வேலை இல்லாத வாரங்களில் வியாபாரியிடம் போனோம். அவர் முன்பணம் கொடுத்துவிட்டு, செடியில் காய் நிற்கும்போதே விலை பேசிவிடுவார். 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா விலை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது ஞாபகம் இருக்கும். அந்த வருடம் எங்கள் தெருவில் பாதிப் பேர் காயைப் பழைய விலைக்குப் பேசி முடித்திருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் காசு பார்க்கிறவர்களிடம் வாரா வாரம் கேட்டால் அந்தக் காசு வேறு யார் கைக்குப் போகும் என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன், இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பழம் விற்ற கையோடு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் பாக்கியை மொத்தமாகக் கட்டினோம். கிளை கீழே டவுனில் இருக்கிறது, பஸ்ஸில் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் எப்போதும் போல சென்டரில், அதாவது குழு கூடித் தவணை கட்டுகிற இடத்தில் வைத்துத்தான் கொடுத்தோம். ஆபீசர் எண்ணி வாங்கினார், தவணை அட்டையில் ‘கணக்கு முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், சான்றிதழ் போனுக்கு வரும் என்றார். வரவில்லை. கேட்டபோதெல்லாம் சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அப்புறம் ஆளே மாறிவிட்டார்.

புதிதாக வந்தவர் டேப்லெட்டைக் காட்டி உங்கள் பாக்கி அப்படியே இருக்கிறது, இத்தனை வாரம் தவணை கட்டவில்லை என்றார். அட்டையைக் காட்டினால் இது செல்லாது, சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு என்கிறார். அவர்கள் ஆள், அவர்கள் அட்டை, அவர்கள் கையெழுத்து, ஆனால் பொறுப்பு மட்டும் அவர்களுக்கு இல்லையாம். குழுவில் மற்ற மூன்று பேரிடம் போய் இவர்களுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று மூட்டிவிட்டார்கள், பல வருடம் ஒன்றாகக் களையெடுத்தவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். இரவு எட்டு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வது, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போன் போடுவது, எல்லாம் நடந்தது. இதற்கு நடுவில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டுப் போனால், கடன் அறிக்கையில் பாக்கி காட்டுகிறது, முதலில் அதை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் பலவும் அவர்கள் செய்யக் கூடாதவை. வருட வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு ஜாமீன் இல்லாமல் தருகிற இந்த மாதிரிக் கடன்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. இரண்டு தடவை தொடர்ந்து சென்டருக்கு வராதவர் வீட்டுக்குத்தான் வசூலுக்குப் போகலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. சம்மதம் இல்லாமல் இன்சூரன்ஸைத் தலையில் கட்டக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, தவணை வாரமா மாதமா என்பதைக் கடன் வாங்குகிறவர் தேவைக்கு ஏற்ப வைக்கக் கம்பெனிகள் வழி செய்திருக்க வேண்டும். கடன் வாங்கும் நாளிலேயே இதைக் கேளுங்கள், எங்கள் ஊரில் இப்படி ஒன்று இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை.

மொத்தமாக அடைக்கிறவர்கள் கிளைக்கே போய்க் கட்டி அச்சடித்த ரசீது வாங்குங்கள், இல்லையென்றால் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனி கணக்குக்கு அனுப்புங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். கடன் முடிந்ததற்கான சான்றிதழைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று பதிவு வைத்திருக்கிற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், சிபில் மட்டும் பார்த்தால் போதாது, சிஆர்ஐஎஃப் ஹை மார்க், ஈக்விஃபாக்ஸ் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்து எழுதிக் கொடுத்தும் 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

நாங்கள் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம், ஒரு மாதம் பதில் இல்லை. அதன் பிறகுதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியும், போயிருக்கிறோம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. தவணை அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து இணைத்தோம். புது ஆபீசர் அட்டையை ஒரு தடவை ‘சரிபார்க்க’ வாங்கிப் போகப் பார்த்தார், கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

பழைய ஆபீசர் இப்போது வேறு மலைக் கிராமங்களில் வசூலுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். போன சீசனில் யாராவது இப்படிக் கையில் கொடுத்து அடைத்திருந்தால், போனுக்குச் சான்றிதழ் வரும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கிளையில் போய் உங்கள் கணக்கில் பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கிப் பாருங்கள்.