பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரைச்சல்: ஷீட் ஒட்டுவதா, டயர் மாற்றுவதா?

அம்மாவுக்குக் காதுக் கருவி பொருத்தி இரண்டு வருடமாகிறது. மாதம் ஒருமுறை பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போவேன். என் கார் 2003ஆம் வருடத்து நிசான் ஃபேர்லேடி இசட், ஜப்பானில் ஓடிய பிறகு ரீகண்டிஷனாக இங்கே இறக்குமதியானது. இரண்டே இருக்கை. ஜூரு டோல் தாண்டி வேகம் 90ஐத் தொட்டதும் அம்மா கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். என் பேச்சைப் பெரிதாக்கும் அதே கருவி சாலை இரைச்சலையும் பெரிதாக்கிக் காதுக்குள் தள்ளுகிறது. அப்புறம் மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போவில் இறங்கும்வரை எங்களுக்குள் பேச்சே இருக்காது.

குறைக்க இரண்டு வழி இருந்தது. கார்பெட்டைக் கழற்றித் தரை, கதவு, பின்பகுதி எல்லாவற்றிலும் அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டில் ஷீட் ஒட்டுவது ஒன்று. நான்கு டயரையும் சத்தம் குறைந்த ரகத்துக்கு மாற்றுவது இன்னொன்று. பினாங்கில் நான் விசாரித்த இடங்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொன்னார்கள். நான் டயரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று மாதம் ஓட்டிய பிறகும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

இன்ஜின் சத்தத்தை இங்கே எடுக்கவில்லை. 3.5 லிட்டர் வி6 குரலைக் கேட்கத்தானே இந்தக் காரை வாங்குகிறோம். முந்தைய உரிமையாளர் பெரிய எக்ஸாஸ்ட் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி ஒரிஜினலைப் போட்டுவிட வேண்டும். எந்த ஷீட்டும் அந்த அதிர்வை அடக்காது.

காசு செலவழிக்கும் முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 90இல் போகும்போது கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது இன்ஜினிலிருந்து வருவதல்ல. புதுத் தார் போட்ட சாலையில் ஏறியதும் குறைந்தால் டயர். லேசாக இடம் வலம் வளைக்கும்போது ஏறி இறங்கினால் வீல் பேரிங். கதவு இடுக்குகளில் பேப்பர் டேப் ஒட்டி ஓட்டியபோது குறைந்தால் கதவு ரப்பர். என் காரில் டேப் ஒட்டியதில் கண்ணாடியோரச் சீறல் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். பினாங்குப் பாலத்தில் புது மேற்பரப்பு உள்ள இடத்தில் ஏறியதும் பாதி இரைச்சல் போய்விட்டது. பழைய பகுதிக்கு வந்ததும் திரும்பிவிட்டது.

பிறையில் என் காரைப் பார்க்கும் ஃபோர்மேன் தம்பியிடம் சொன்னேன். அவர் ஷீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணே, பின் டயர மொதல்ல கையால தடவிப் பாருங்க," என்றார். முன்னோக்கித் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது, பின்னோக்கித் தடவினால் டயரின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு ரப்பர்க் கட்டையின் விளிம்பும் விரலில் இடறியது. அரம்பப் பல் போலத் தேய்ந்திருந்தது. அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் சாலையில் அறைவதைத்தான் இத்தனை நாள் கேட்டிருக்கிறோம். பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணையும் காட்டினார். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். ஏழு வயது டயர். பள்ளம் இன்னும் ஆழமாக இருந்ததால் நான் கவலைப்படவில்லை. ஆனால் ரப்பர் இறுகிப்போனால் பள்ளம் இருந்தும் இரைச்சல் ஏறும்.

டயர் இரைச்சல் 800 முதல் 1,200 ஹெர்ட்ஸ் வரையில்தான் உச்சத்துக்குப் போகும். மனிதப் பேச்சு நடமாடும் இடமும் அதுவே. அம்மாவுக்கு என் குரல் புரியாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்தக் காரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. இருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே சுவர் கிடையாது, 245 மில்லிமீட்டர் அகலப் பின் டயர்கள் உருளும் ஒலி நேராக நம் பிடரிக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டயரின் ஐரோப்பிய லேபிளில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண், கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்போது சாலையோரத்தில் அளந்தது. காருக்குள் கேட்பது அல்ல. அதை மட்டும் நம்பி வாங்காமல், அதே ரகம் போட்ட நண்பரின் காரில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டே முடிவெடுத்தேன். மாற்றிய பிறகு பாலத்தின் அதே பகுதியில், அதே வேகத்தில், சத்தம் அளக்கும் கைபேசிச் செயலி முன்பைவிட 4 டெசிபல் குறைவாகக் காட்டியது. செயலியின் எண் துல்லியமானது என்று சொல்ல மாட்டேன், அம்மா வழியிலிருக்கும் சங்காட் ஜெரிங் வரை கருவியைக் கழற்றவில்லை என்பதைச் சொல்வேன்.

ஷீட்டுக்கும் அதற்குரிய வேலை இருக்கிறது. தகரம் அதிர்ந்து முழங்குவதை அது நிறுத்தும். கதவைத் தட்டினால் டங் என்றது டப் என்று ஆகும், ஸ்பீக்கர் ஒலியும் தெளியும். அதற்கு முழுவதும் மூட வேண்டியதில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால்பங்கு முதல் பாதிவரை ஒட்டினால் போதும். காற்றின் வழியே வரும் இரைச்சலைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனமான வினைல் விரிப்பு வேண்டும், அதையும் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். மலிவு என்று தார் ஷீட் வாங்காதீர்கள். நம்மூர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி நாறும், கூரையில் ஒட்டியது கழன்று தொங்கும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான், அதிலும் தண்ணீர். 20 வயது தாண்டிய எந்தக் காரிலும் பின்விளக்கு ரப்பர், கதவு ரப்பர், ஏர்கண்டிஷன் வடிகுழாய் மூன்றில் ஒன்று எப்போதாவது கசியும். போன அக்டோபர் மழையில் என் காரில் வடிகுழாய் அடைத்து, அம்மா கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்தது. கார்பெட்டைத் தூக்கினேன், அடியிலிருந்த சணல் விரிப்பு ஊறிப் பிழியும் நிலையில் இருந்தது. வெளியே எடுத்துக் காயவைத்து, மின்விசிறியை உள்ளே திருப்பி வைத்ததில் மறுநாள் தரை காய்ந்தது. இரண்டு இடத்தில் லேசான துரு. சுரண்டி, பிரைமர் அடித்து மூடினேன். வெறும் தகரம் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அந்தத் துருவைப் பார்த்தேன்.

என் நண்பர் ஒருவர் தரை முழுக்க ஷீட் ஒட்டி, மேலே சாதாரண ஸ்பாஞ்சையும் ஒட்டியிருந்தார். கடற்கரையோரம் குடியிருப்பு, உப்புக் காற்று வேறு. கசிந்த நீரை ஸ்பாஞ்ச் உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்துக்கொண்டது. தரையிலிருந்த வடிகால் மூடிகளும் ஷீட்டுக்கு அடியில் போய்விட்டன. பூஞ்சை வாடை வந்த பிறகே தெரிந்தது. ஹீட் கன்னால் சூடேற்றிச் சூடேற்றி அங்குலம் அங்குலமாக உரிக்க வேண்டியிருந்தது, அடியில் துரு. ஒட்டியே தீர வேண்டும் என்றால் நீர் உறிஞ்சாத மூடிய நுரையை வாங்குங்கள், வடிகால் மூடிகளை விட்டுவிட்டு ஒட்டுங்கள், ஒட்டும் முன் ஒரு மழைக்காலம் முழுக்கக் காரில் கசிவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

டயரோ எப்படியும் தேயப்போகிறது, எப்படியும் காசு போகப்போகிறது. அந்தக் காசிலேயே அமைதியும் கிடைக்கிறது. அதற்கும் கவனிப்பு வேண்டும். இந்தக் காரில் முன்னால் 225, பின்னால் 245 என்பதால் முன்பின் மாற்றிப்போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய வழியில்லை. அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அலைன்மென்ட் பார்க்கிறேன், காற்றையும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கிறேன்.

பிடிப்பைப் பற்றி என்னால் அதிகம் பேச முடியாது. மழையில் நெடுஞ்சாலையிலும் பாலிக் பூலாவ் மலைப்பாதையிலும் ஓட்டியதில் பயப்படும்படி ஒன்றுமில்லை, ஸ்டீயரிங்கின் கூர்மை மட்டும் சற்றுத் தணிந்தது. செபாங் பந்தயத் தடத்தில் ஓட்டியதில்லை. அங்கே போகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு டயர் வாங்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் முழக்கம் பின் சக்கர வளைவிலிருந்து வருகிறது. பிப்ரவரி வெயிலில் டிக்கிக் கார்பெட்டைக் கழற்றி, அந்த இரண்டு வளைவுக்கும் மட்டும் பியூட்டில் ஒட்டப்போகிறேன். அம்மாவின் கால்மாட்டுத் தரை அப்படியே வெறுமையாக இருக்கும்.