மொறிஸ் மைனர் காரின் ஹீட்டர் விசிறி: பழைய மோட்டரா, புதியதா?

திருகோணமலையில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், வடகீழ்ப் பருவமழையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து மங்குவதைக் கண்டிருக்க மாட்டார்கள். அந்த ஆவியைப் போக்கும் ஹீட்டரின் விசிறி நின்றுவிட்டால் பழைய மோட்டரைப் பழுதுபார்க்கலாம், அல்லது 12 வோல்ட் புதிய மோட்டரைப் பொருத்தலாம்.

உப்புக்காற்றில் இறுகிய புஷ்ஷை (தண்டு சுழலும் உலோக வளையம்) துப்புரவாக்கி எண்ணெயிட்டு, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் தேய்ந்த காபன் பிரஷை மாற்றி, அது உரசும் கறுத்த கொமியூட்டேற்றரை (செப்பு வளையம்) மெல்லிய சாண்ட் பேப்பரால் துடைத்தாலே பழையது பெரும்பாலும் சுழலும். ஆமேச்சர் (கம்பி சுற்றிய சுழலும் பகுதி) கருகியிருந்தால் ரீவைண்டிங், அதாவது கம்பியை மீண்டும் சுற்றும் செலவு வரும்.

புதியதில் காற்று கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் தண்டு பழைய இறக்கைக்குப் பொருந்த வேண்டும். அத்துடன், மாற்றியமைக்கப்படாத மைனர்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதால், நிலைக்காந்த மோட்டரின் (மின்முனைகள் மாறினால் சுழலும் திசையும் மாறும் வகை) வயர்களை, எதிர்முனை வயர் உடலோடு சேரும் இக்கால வழக்கப்படி இணைத்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றி, காற்றைச் சரியாகத் தள்ளாது. ஆமேச்சர் கருகாதவரை நான் பழையதையே தேர்வேன்.