சைடு மிரரை அகலத் திருப்பி வைத்து மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம்

கோத்தகிரியில் இருந்து குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வாரத்தில் பல நாள் கார் ஓட்டுகிறவன் நான். சின்ன ஹேட்ச்பேக்தான், மிரரைக் கையால்தான் திருப்ப வேண்டும், பின்பக்கக் கேமரா கிடையாது. சில வருஷமாக இந்த வண்டியில் சைடு மிரர்களை வழக்கமான கோணத்தில் வைக்காமல் நன்றாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, மூலையில் சின்ன வட்ட மிரர் ஒன்றும் ஒட்டி ஓட்டி வருகிறேன். மழை, பனிமூட்டம், மே மாத சீசன் நெரிசல் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. பிளைண்ட் ஸ்பாட் (டிரைவர் கண்ணுக்கும் மிரருக்கும் படாத மறைவுப் பகுதி) பற்றிக் கிடைக்கிற அறிவுரைகள் பெரும்பாலும் நேரான நாலு வழிச் சாலையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. வளைவுக்கு மேல் வளைவாக இருக்கிற நம் ரோட்டில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மிரர் வைக்கிற முறை. பொதுவாக எல்லாரும் சைடு மிரரில் தங்கள் வண்டியின் பக்கவாட்டு நன்றாகத் தெரிகிற மாதிரி வைப்பார்கள். அப்படி வைத்தால் அதில் தெரிவதில் பாதி, நடு மிரரில் ஏற்கெனவே தெரிவதுதான். பின்கதவை ஒட்டி வருகிற பைக் எந்த மிரரிலும் விழாது. 1995இல் ஜார்ஜ் பிளாட்சர் என்பவர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டி அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார், நான் பின்பற்றுவது அதில் இருந்து பரவிய முறை. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் நாம் மாற்றிச் செய்ய வேண்டும். தலையை வலது கதவுக் கண்ணாடியில் படுகிற அளவுக்குச் சாய்த்து, அந்த நிலையில் வண்டியின் பின் ஓரம் கோடு மாதிரி மட்டும் தெரியும் வரை வலது மிரரை வெளியே திருப்புங்கள். அப்புறம் தலையை இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து, இடது மிரரையும் அதே மாதிரி. நேராக உட்கார்ந்தால் இரண்டு மிரரிலும் உங்கள் வண்டி தெரியாது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், ஒரு வாரம் ஓட்டினால் கண் பழகிவிடும்.

சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க, சமதளமாக ஓர் இடம் கிடைத்தால் (எங்கள் ஊரில் அதுவே கஷ்டம், நான் பள்ளி மைதானத்துக்குப் போனேன்) வீட்டில் யாரையாவது வண்டிக்குப் பின்னால் இருந்து பக்கவாட்டில் நடந்து வரச் சொல்லுங்கள். நடு மிரரில் இருந்து மறைகிற நேரத்தில் சைடு மிரரில் தெரிய வேண்டும், சைடு மிரரில் இருந்து மறையும்போது ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். என் தம்பியை நடக்க வைத்துப் பார்த்தேன், வலது பக்கம் இடைவெளியே இல்லை. இடது பக்கம் கொஞ்சம் இருந்தது. நாம் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடது மிரர் கண்ணுக்குத் தூரம், அதில் விழுகிற பரப்பும் குறைவு. எவ்வளவு திருப்பி வைத்தாலும் இடது பக்கம் ஒரு முறை கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

இனி மலைக்கு வருகிறேன். நேர்ச்சாலையில் பின்னால் வருகிற வண்டி நடு மிரரிலேயே இருக்கும். வளைவில் அப்படி இல்லை. நீங்கள் வலது பக்கம் வளையும்போது, நீங்கள் கடந்து வந்த ரோடும் உங்களுக்கு வலது பின்பக்கமாகத்தான் வளைந்து கிடக்கிறது. அதனால் பின்வண்டி நடு மிரரை விட்டு நழுவி வலது மிரருக்குப் போகும். இடது வளைவில் இடது மிரருக்குப் போகும். அதே இடது வளைவில் வலது மிரர் பள்ளத்தாக்கையோ எதிர்ப்பக்க மண்திட்டையோதான் காட்டிக்கொண்டிருக்கும். அது காலியாக இருப்பதைப் பார்த்துப் பின்னால் யாரும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஓவர்டேக் பண்ண ஏறி வருகிற பைக், வளைவு நிமிர்கிற இடத்தில் திடீரென்று உங்கள் வலது கதவுக்குப் பக்கத்தில் நிற்கும். அகலத் திருப்பி வைத்த மிரரில் அந்தப் பைக் கொஞ்சம் முன்னதாகவே தெரிகிறது, எனக்கு இந்த முறையின் மிகப் பெரிய பயன் இதுதான். ஆனாலும் முக்கியமான பார்வை வளைவுக்கு முன்னால் வருகிற சின்ன நேர்த்துண்டில்தான். அங்கே மூன்று மிரரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பின்னால் என்ன வண்டி, எத்தனை வண்டி என்று மனதில் வைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழைகிறேன். கொஞ்சம் முன்பு பின்னால் வந்த ஒன்றைக் காணோம் என்றால் அது எங்கேயோ பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இடது பக்கம் திரும்புகிற வளைவுகள்தான் என்னைப் பொறுத்தவரை ஆபத்தானவை. பஸ்ஸும் லாரியும் இடது கொண்டை ஊசியை எடுக்க முதலில் வலது பக்கம் அகலமாகப் போயாக வேண்டும், ஏனென்றால் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் இடது பக்கம் ஓர் இடைவெளி விழுகிறது. வழி விடுகிறார்கள் என்று நினைத்து வெளியூர் பைக்குகள் அதற்குள் நுழைந்துவிடும். பஸ் திரும்ப ஆரம்பித்ததும் அந்த இடைவெளி அப்படியே மூடிக்கொள்ளும். தயவுசெய்து அதில் நுழையாதீர்கள். காரில் இது சின்ன அளவில் நடக்கும், ஆனால் நடக்கும். அதனால் இடது கொண்டை ஊசிக்கு முன்னால் இண்டிகேட்டர் போட்டு, ஸ்டியரிங்கை ஒடிப்பதற்கு முன் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு தடவை சொன்னார்: “தம்பி, பஸ்ஸோட மிரர்ல டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியுதா? தெரியலேன்னா அவனுக்கும் உன்னைத் தெரியாது. அவ்வளவுதான் கணக்கு.” பெரிய வண்டிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். முகம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் தொடர்கிறேன்.

இந்த முறையில் குறையும் இருக்கிறது. எஸ்டேட் ரோடுகளில் எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய பிக்கப் வந்தால் யாராவது பின்னால் எடுத்தாக வேண்டும். மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, 2017ஆம் வருஷத்து மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன. அப்படி ரிவர்ஸ் எடுக்கும்போது அகலத் திருப்பிய மிரரில் சொந்த வண்டியின் பின்சக்கரமே தெரியாது, சாக்கடை எங்கே என்று தெரியாது. வலது பக்கம் தலையைச் சாய்த்தால் ஓரளவு தெரிந்துவிடும், இடது பக்கம்தான் பிரச்சினை. மூலையில் ஒட்டுகிற அந்தச் சின்ன வட்ட மிரரை, அதாவது குவி ஆடியை, வாங்கியதே இதற்காகத்தான்.

முதலில் வாங்கியது பிளாஸ்டிக் சட்டம் போட்டு, கோணம் திருப்புகிற வகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி, பசை விட்டு, ஒரு நாள் பார்த்தால் ஒன்று காணாமலே போயிருந்தது. மிச்சம் இருந்ததும் ஓட்டத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும், அதில் எதுவும் தெளிவாகத் தெரியாது. இப்போது சட்டம் இல்லாத கண்ணாடி வகை, ஒட்டுவதற்கு முன் மிரரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து ஒட்டினேன். இதுவரை அசையவில்லை. இடது மிரரின் கீழ் வெளி மூலையில் இருக்கிறது, பின்சக்கரமும் ரோட்டின் ஓரமும் அதில் தெரிகின்றன. ரிவர்ஸுக்கு அருமை. ஓட்டும்போது அதை நம்பித் தூரத்தைக் கணக்குப் போடக் கூடாது. குவி ஆடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும், பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருக்கிற மாதிரி தெரியும். ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு தூரம் என்பதைச் சமதளமான நடு மிரர்தான் சரியாகச் சொல்லும். வளைவுகளில் ரோட்டோரம் நட்டு வைத்திருக்கும் பெரிய குவி ஆடிகளும் இப்படித்தான், அவற்றில் இடம் வலமாகவும் தெரியும். வண்டி வருகிறது என்று தெரிந்தால் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடிப்பதோடு சரி, “அது வருவதற்குள் போய்விடலாம்” என்று அதை வைத்துக் கணிக்காதீர்கள்.

பனிமூட்டத்தில் இன்னொரு விஷயம். மிரரைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்போம், தெரியாது. பல நேரம் அழுக்காக இருப்பது மிரர் இல்லை, நமக்கும் மிரருக்கும் நடுவில் இருக்கிற கதவுக் கண்ணாடி. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு பேர் உள்ளே உட்கார்ந்தால் மூச்சுக்காற்றே உள்பக்கம் படிந்துவிடும். டேஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஏசி வென்ட்டுகளை நம் முகத்துக்குத் திருப்பாமல் கதவுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் மிரர் தெரிகிற பகுதி சீக்கிரம் தெளிந்துவிடும். குளிரில் ஏசியா என்று கேட்பார்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுப்பது ஏசிதான். மிரர் மேல் ஒட்டுகிற மழைத்துளி நிற்காத பிலிமும் போட்டுப் பார்த்தேன். நான் வாங்கியது முதல் மழைக்கு நன்றாக இருந்தது, அப்புறம் ஓரம் கிளம்பி, ராத்திரி பின்வண்டி லைட் பட்டால் மங்கலாகச் சிதறியது. எடுத்துவிட்டேன்.

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, மிரரை அகலத் திருப்பியதில் நேர் பின்னால் வருகிறவரின் ஹை பீம் சைடு மிரர் வழியாகக் கண்ணில் அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. நடு மிரருக்கு அடியில் இருக்கிற சின்ன லீவரைத் தள்ளிவிட்டால் அதுவும் அடங்கும்.

எந்த மிரராலும் தீராத ஒரு மறைவு, முன்கண்ணாடியின் இரண்டு பக்கமும் இருக்கிற தூண். வலது கொண்டை ஊசியில் திரும்பும்போது வலது தூணுக்குப் பின்னால் ஒரு முழு பைக்கே மறைந்துவிடும். நாமும் திரும்புகிறோம், அவரும் இறங்கி வருகிறார், இரண்டும் ஒத்துப்போனால் கடைசி வரை அவர் தூணுக்குப் பின்னாலேயே இருப்பார். சீட்டில் உடம்பை முன்னும் பின்னும் ஒரு தடவை அசைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், நான் ஒவ்வொரு வலது கொண்டை ஊசியிலும் செய்கிறேன்.

மாலை மங்கியதும் தேயிலைச் செடிக்குள் இருந்து காட்டெருமை ரோட்டுக்கு வந்துவிடும். பிரேக் மிதிக்கும்போதே கண் நடு மிரருக்குப் போக வேண்டும், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒருவர் வந்தால் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக ஆரம்பித்து லைட்டால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு எந்தக் கோணத்தில் மிரர் வைத்தாலும் ஒன்றுதான், பார்க்கிற பழக்கம் வேண்டும்.

மொத்தத்தில் அகலத் திருப்பி வைக்கிற முறையை விடப் போவதில்லை. இடது பக்க வட்ட மிரரை வாங்கச் சொல்வேன், வலது பக்கத்துக்குத் தேவையே படவில்லை. இ-பாஸ் எடுத்து சீசனுக்கு வருகிறவர்கள், மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போதே மிரரைச் சரி செய்துகொள்ளுங்கள். கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்த பிறகு அதற்கு நேரமும் கிடையாது, நிறுத்த நல்ல இடமும் கிடையாது. வழியில் டிரைவர் மாறினால் சீட்டு மாறும், அதோடு மூன்று மிரரும் திரும்ப வைக்க வேண்டும்.