சுருளுக்குக் கொடுக்கிற காசு

ஆறு வருஷமாக என் கையில் இருந்தது முழுக்கப் பிளைவுட்டில் செய்த மாண்டலின். போன ஆடியில் சேலம் மாரியம்மன் பண்டிகைக் கச்சேரியில் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கீபோர்டு தம்பி குனிந்து, "அண்ணா, மேல போகப் போக சுருதி தூக்கலா இருக்கு" என்றான். அவன் சொன்னது சரி. அன்றைக்கே அடுத்த மாண்டலினுக்கு 60,000 ரூபாய் வரை என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

இந்த விலையில் முதலில் வருகிற குழப்பம் ஏ மாடலா, எஃப் மாடலா என்பதுதான். தோள்பட்டையில் சங்கு மாதிரி சுருளும் கீழே கூர்முனையும் இருப்பது எஃப், சொட்டு நீர் மாதிரி மொழுக்கென்று இருப்பது ஏ. 1922இல் லாயிட் லோர் என்ற வடிவமைப்பாளர் காலத்தில் அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி கொண்டுவந்த எஃப்-5தான் இன்றைக்கு எல்லோரும் காப்பியடிக்கிற அச்சு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுருளைச் செதுக்கி, ஓரப்பட்டை ஒட்டி, பாலிஷ் போட்டு முடிக்கக் கைவேலை ஏராளம் ஆகிறது, நாதத்துக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அப்படியென்றால் ஏ மாடல் விலைக்கே ஒருவன் எஃப் விற்கிறான் என்றால் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். பெங்களூரில் அப்படி ஒன்றை அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தேன்: சுருதி சேர்க்கிற பிருடையைத் திருகினால் முதலில் அசையாது, அப்புறம் ஒரேயடியாகத் தாவும், தடித்த ஜி தந்தியோ டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. எஃப் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சுருளில் தோளில் போடுகிற வாரை மாட்டலாம், கூர்முனை தொடையில் நிற்கும், உட்கார்ந்து வாசிக்க வசதி. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனசில்லை.

ஏ என்று முடிவானதும் கென்டக்கி கேஎம்-150, ஈஸ்ட்மேன் எம்டி305 என்ற இரண்டு மாண்டலினுக்கும் நடுவில் நின்றேன். இரண்டிலும் மேற்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் சாலிட் மேப்பிள் (சாலிட் என்றால் பிளைவுட் மாதிரி ஒட்டாத முழு மரம்). கென்டக்கி பளபளப்பு, மேலே போனால் கணீர் என்று வெட்டும், மைக் சுமாராக இருக்கிற மேடையிலும் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். ஈஸ்ட்மேன் என் காதுக்குக் கொஞ்சம் உருண்டையாக, அடியில் நிரம்பலாக இருந்தது. நான் ஈஸ்ட்மேனை எடுத்ததற்குக் காரணம் அதுகூட இல்லை. அதன் பூச்சு மினுக்கில்லாதது, சித்திரை வெயிலில் நாலு ரோடு பக்கம் மண்டபத்தில் வாசிக்கும்போது கட்டைவிரல் வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளாது. முட்டை வடிவ ஓட்டை உள்ள எம்டி304 தனியாக வாசிக்கிறவர்களுக்கு இனிமை. குழுவுக்கு நடுவில் எனக்கு அது சரிப்படாது.

கர்நாடக சங்கீதம்தான் குறி என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். மாண்டலின் வித்வான் யு. ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது ஐந்து ஒற்றைத் தந்தி எலக்ட்ரிக். நாலு ஜோடித் தந்தி உள்ள, மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக்கில் கமகத்துக்குத் தந்தியை இழுத்துப் பாருங்கள், ஜோடியில் ஒன்று முன்னே போகும், ஒன்று பின்தங்கும், விரல்தான் பழுக்கும். ஒரே கட்டையில் கடைந்த எலக்ட்ரிக் வாங்கி, மிச்சக் காசுக்கு நல்ல ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) எடுப்பதுதான் புத்தி. ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சங்கதி. மாமனார் வீடு ஏற்காட்டில். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வேறு காற்று. மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும், சாலிட் மரம் ஈரத்தைக் குடித்து மேற்பலகை உப்பும், தந்தியைத் தாங்குகிற பிரிட்ஜைத் தூக்கும், தந்தி ஃபிரெட்டிலிருந்து (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) எழும்பி அழுத்தவே வலிக்கும். அதுவே பங்குனி சித்திரையில் சேலத்தில் காய்ந்து இறங்கி, தந்தி ஃபிரெட்டில் உரசி இரையும், ஃபிரெட் முனைகள் விரலைக் கீறும், கவனிக்காவிட்டால் பலகையே பிளக்கும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போட்டுவைத்திருக்கிறேன், முள் 40க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நிம்மதி. பிளைவுட்டுக்கு இந்தக் கவலையெல்லாம் ரொம்பக் குறைவு. அதனால் பழையதை விற்காமல் மலையிலேயே விட்டுவிட்டேன்.

புதியது வந்ததும் செட்டப் செய்யக் கற்றுக்கொண்டேன். மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டியது இல்லை, தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. 12ஆவது ஃபிரெட்டுக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் வருகிற மணி ஓசையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினது தூக்கலாக இருந்தால் பிரிட்ஜை வால் பக்கம், அதாவது தந்தி மாட்டியிருக்கிற அடிமுனைப் பக்கம், துளி நகர்த்தணும். தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் இடம் மாறிவிடும். நான் பென்சிலால் அதன் காலடியில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன்.

போன மாதம் ஏற்காட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பழைய பிளைவுட்டிலும் இதைச் செய்து பார்த்தேன். ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்தினேன், சுருதி சேர்ந்துவிட்டது. சத்தம் இன்னும் தகர டப்பாதான். கீபோர்டு தம்பியிடம் இதை நான் சொல்லவில்லை.