முன்பின் மாறிச் சொருகினால் எது பிழைக்கும்? 6502, இசட்80, 8088

பழைய நுண்செயலி ஒன்றைக் கொண்டு மேசைமேல் ஒரு சிறு கணினியைக் கட்ட நினைத்தபோது என் முன் மூன்று சில்லுகள் இருந்தன: 1975-இல் வெளிவந்த 6502, 1976-இல் வந்த இசட்80, 1979-இல் வந்த 8088. மூன்றும் இரு வரிசைகளில் 40 பின்கள் (உலோகக் கால்கள்) உடையவை. மூன்றும் 5 வோல்ட்டில் இயங்குபவை. டாஸ், சிபி/எம் என்ற பழைய இயங்குதளங்களில், டாஸ் நிரல்கள் வேண்டுமென்றால் 8088, சிபி/எம் வேண்டுமென்றால் இசட்80 என்பது எல்லோரும் அறிந்ததே. நான் 6502-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணம் உண்டு: சாக்கெட்டில் முன்பின் மாறிச் சொருகினாலும் பிழைக்கும் வாய்ப்பு இம்மூன்றில் அதற்கே அதிகம்.

சில்லின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும்போது இப்படியொரு தவறு எப்படி நேரும் என்று கேட்கலாம். சாக்கெட்டின் வெட்டைப் பார்த்தே நானும் சொருகினேன். அந்தச் சாக்கெட்டையே நான் முன்பின் மாற்றிப் பற்றவைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அடிக்கடி கழற்றி மாட்டப்படும் சோதனைப் பலகையில் இந்தத் தவறு என்றாவது ஒரு நாள் நடந்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் சில்லைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

40 பின் சில்லை 180 பாகை திருப்பினால், ஒவ்வொரு பின்னும் தன் எண்ணிலிருந்து 20 தள்ளிய இடத்தில் போய் அமரும்: 1-ஆம் பின் 21-இன் இடத்திலும், 40-ஆம் பின் 20-இன் இடத்திலும் உட்காரும். 8088-இல் மின்வழங்கல் 40-ஆம் பின்னிலும், தரை (0 வோல்ட் இணைப்பு) 1, 20 ஆகிய பின்களிலும் இருப்பதால், திருப்பிய சில்லுக்கு 5 வோல்ட் நேர் எதிர்த்திசையில் கிடைக்கிறது. அப்போது சில்லின் அடித்தளத்துக்கும் மின்வழங்கல் பகுதிகளுக்கும் இடையே வழக்கமாக மூடிக் கிடக்கும் சந்திகள் டையோடுகளைப் போலத் திறந்துகொள்கின்றன. அவற்றின் வழியே பாயும் மின்னோட்டத்துக்கு மின்வழங்கியின் திறனைத் தவிர வேறு தடையில்லை. 8088-ஐக் கொண்டு 1981-இல் வந்த ஐபிஎம் பிசி என்ற கணினியின் 63.5 வாட் வழங்கி, 5 வோல்ட்டில் 7 ஆம்பியர் வரை தரக்கூடியது. உட்புறத்து மெல்லிய கம்பிகளுக்கு அது மிக அதிகம். என் 8088 சில நொடிகளில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அதன்பின் சரியாகப் பொருத்தியும் உயிர் வரவில்லை.

6502-இன் கதை வேறு. அதற்குத் தரைப் பின்கள் இரண்டு, அவை 1-உம் 21-உம். திருப்பும்போது ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்வதால், எந்தப் பக்கம் வைத்தாலும் தரை தரையாகவே இருக்கிறது. இது வடிவமைத்தவர்கள் எண்ணிச் செய்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும்; பயன் நமக்குத்தான். மின்வழங்கலுக்குரிய 8-ஆம் பின் 28-இன் இடத்துக்குப் போக, பலகையின் 5 வோல்ட் சில்லின் டி5 என்ற தரவுப் பின்னை அடைகிறது. தரவுப் பின்னுக்கு 5 வோல்ட் புதிதல்ல. சில்லை இயக்கும் கடிகாரத் துடிப்பும் முகவரிப் பின் ஒன்றுக்குப் போய்விடுவதால், பெரும் மின்னோட்டத்துக்கு வழியின்றிச் சில்லு பேசாமல் உறங்குகிறது. என்னுடையதை இருமுறை இப்படிச் சொருகியிருக்கிறேன். இருமுறையும் எடுத்துத் திருப்பிப் போட்டதும் ஓடியது. ஆயினும் அது ஒரே ஒரு சில்லுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

6502-இன் வழிவந்து இன்றும் புதிதாகக் கிடைக்கும் டபிள்யூ65சி02எஸ் சில்லை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 1-ஆம் பின் தரையல்ல, ஒரு வெளியீடு. எனவே மேலே சொன்ன சமச்சீர் அதற்குப் பொருந்தாது.

இசட்80 இடைப்பட்டது. 5 வோல்ட் 11-ஆம் பின்னிலும் தரை 29-ஆம் பின்னிலும் இருப்பதால், திருப்பினால் அவை முறையே ஏ1 என்ற முகவரிக் கம்பியோடும் டி5 என்ற தரவுக் கம்பியோடும் சேர்கின்றன. எதிர்த்திசை மின்வழங்கல் நேரடியாகக் கிடைப்பதில்லை என்பது நல்லது. தரை உறுதியாக இல்லை என்பது குறை. என் இசட்80 ஒருமுறை தப்பியது. ஆனால் இந்த 40 பின் வடிவத்துக்கான கடைசி ஆணைகளை அதைத் தயாரித்த ஸைலாக் நிறுவனம் 2024 ஜூனோடு முடித்துக்கொண்டுவிட்டதால், அதை வைத்து மேலும் சோதிக்க மனம் வரவில்லை.

8088-இன் வழியில் பின்னர் வந்த 486 என்ற நுண்செயலியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் 168 பின்கள் சதுரமாக அமைந்திருப்பதால், பழைய சாக்கெட்டுகளில் நான்கு விதமாகவும் உட்காரும்; மூலையில் உள்ள குறியை மட்டுமே நம்ப வேண்டும். நான் அதைத் தவறாகச் சொருகியதில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

இப்போது எந்தச் சில்லாக இருந்தாலும், மின்னோட்டத்தை 300 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் வழங்கியில்தான் முதலில் ஏற்றிப் பார்க்கிறேன். அந்த வரம்புக்குள் 8088-உம் தப்பக்கூடும். ஆனால் மீதமிருக்கும் ஒரே 8088-ஐ வேண்டுமென்றே திருப்பிப் போட்டுப் பார்க்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.